ஆஸ்பத்திரி லைன் வீடு

பண்ணை வீட்டின் இரும்புக் கதவு வரைக்கும் வந்து, தாழ்ப்பாளில் கைவைத்து, அதைத் திறந்தும் பார்த்துவிட்டு, லாவீனியா திரும்பிச் சமையலறைக்கு நடந்தாள். ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். அத்தோடு அன்றைய பாகத்தை முடித்துப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். நியுர்கா காலில் கிடந்த செருப்பைக் கழற்றி டிவியைப் பார்த்து வீசினாள். குறி தப்பிப் பூச்சாடியில் பட்டது. பிளாஸ்டிக் ரோஜாக்கள் தரையெல்லாம் சிதறின.

"டிவி உடஞ்சிருந்தா உம் புருசனா வந்து புதுசு வாங்கித் தருவான்?" என்றாள் மாமியார் எர்மினியா, சக்கர நாற்காலியில் இருந்தபடியே.

"பாத்தீங்களா அத்தை அவள? அந்த மாமியாக்காரிகிட்ட மாட்டிக்கிட்டு எத்தனை மாசமா அழுதா! கதவு தொறந்து கெடக்கு, காவக்காரன்கூட இல்ல, போக வேண்டியதுதான? மறுபடி போய் ஏப்ரன் கட்டிக்கிறா, மூதேவி!"

"மழை பேயுதே. எங்க போவா?"

"மழை இங்க பேயுது அத்தை. அங்க நல்லா வெயிலடிக்குது."

மழை உண்மையில் அன்று பாயாமோ நகரத்தின் மேல்தான் கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் முழங்காலளவு தண்ணீர். அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை தொடர் பார்க்க வேறு யாரும் வரவில்லை. மற்ற நாளாக இருந்தால் செருப்பு வீச இடமே இருந்திருக்காது. ஆஸ்பத்திரி மதிலை ஒட்டிய மூலை வீடு அது. என்றோ யாரோ இழுத்த கம்பியில் ஆஸ்பத்திரி லைனிலிருந்தே இணைப்பு வந்திருந்தது. ஊரெல்லாம் மின்சாரம் போய்ப் போய் வந்தாலும், வராமலே போனாலும், இந்த வீட்டு விளக்கு மட்டும் அணையாது. ஆகவே தொடர் ஒளிபரப்பாகிற திங்கள், புதன், வெள்ளியில் அந்தி சாய்ந்ததும் மொத்தத் தெருவும் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு இங்கே வந்துவிடும். வருகிறவர் தன் நாற்காலியோடு வரவேண்டும், கையில் ஒரு பிடி காப்பித்தூளோ ஒரு துண்டு ரொட்டியோ இருக்கவேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை. கரிடாட் தன்னுடைய ஆடும் நாற்காலியையே இழுத்து வந்து நட்டநடுவில் போடுவாள். அவள் உடம்பை வேறு நாற்காலி தாங்காது. குதிரை வண்டிக்கார ஓர்லாந்தோ, "பொம்பளைங்க கதையெல்லாம் எனக்கு ஆகாது, போனுக்குச் சார்ஜ் போடத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே முன்வரிசையில் உட்கார்ந்து, லாவீனியா அழும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுவான். நாற்காலிகள் டிவியடியில் தொடங்கி வாசற்கதவு வரை இடைவெளியில்லாமல் நெருங்கிக் கிடக்கும். தொடர் முடிகிறவரைக்கும் உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது.

நியுர்காவுக்கு அந்தக் கூட்டம் பிடிக்கவும் செய்யும், மூச்சு முட்டவும் செய்யும். வீடு அவளுடையதில்லை. மாமியாருடையது. புருஷன் ரெய்னியெர் "ஆறே மாசம், உன்னக் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிக் கடல் தாண்டி டாம்பாவுக்குப் போய் வருஷங்கள் ஓடிவிட்டன. அவன் போன மறுவருஷம் எர்மினியா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, இனி நடந்து பழக வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியும் நாளாகிவிட்டது. எழுப்பி நிறுத்தினால் எர்மினியா "ஐயோ, கொல்லுதே" என்று அலறுவாள். குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, இரவில் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நியுர்காதான். அவளுக்கு முதுகு போய்விட்டது. மன்சானியோவில் இருக்கும் நாத்தனார் மிர்தா போனில் ஒரே பாட்டுத்தான் பாடுவாள்: "எங்க வீடு மாடியில இருக்கு. படி ஏறுற அளவுக்கு அம்மா நடக்கட்டும், மறுநாளே கூட்டிட்டுப் போறேன்." ஞாயிற்றுக்கிழமைகளில் ரெய்னியெர் கூப்பிடுவான். "அம்மா நடக்குறாளா?" என்பான். இல்லை என்பாள். "நீ இல்லன்னா என்ன ஆயிருக்கும் நியுர்கா" என்பான். போன ஞாயிறு அவன் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், கார்ச் சாவியை எங்கே வைத்தாய் என்று உரிமையோடு கேட்டது. அவன் இருமினான். இவளும் அது யாரென்று கேட்கவில்லை.

இதற்கிடையில் வரதேரோவிலிருந்து தோழி தயாமி ஆள் அனுப்பியிருந்தாள். கடற்கரையில் ஒரு விடுதிச் சமையலறையில் ஆள் வேண்டும், தங்க இடமும் உண்டு. வியாழக்கிழமை காலையில் கிளம்பும் லாரியில் ஏறி வந்தால் வேலை, இல்லையென்றால் வேறொருத்திக்கு. நியுர்கா ஒரு நீலப் பையில் துணிகளைத் திணித்துத் தன் கட்டிலுக்கடியில், பழைய மின்விசிறிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். சாயங்காலம் ஆகிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை ரொட்டி வரிசையில் அவள் போய் நிற்பதற்குள் ஆளாளுக்குச் சூழ்ந்துகொண்டார்கள். மழையிலும் இருட்டிலும் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த உலகத்தில் நேற்றைய பாகத்தைப் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

"சொல்லித் தொலடி, கதவு வரைக்கும் வந்தாளா?" என்றாள் கரிடாட்.

"வந்தா."

"தொறந்தாளா?"

"தொறந்தா."

எல்லார் முகமும் அவளையே பார்த்தன. ரொட்டிக்கடைச் சன்னலுக்குள் நின்றவன்கூடக் கையை நிறுத்திவிட்டான். ஏப்ரன் என்ற சொல் நியுர்காவின் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. செய்தது லாவீனியா, வெட்கம் இவளுக்கு.

"போயிட்டா" என்றாள். "திரும்பிக்கூடப் பாக்கல."

வரிசையில் கைதட்டல் எழுந்தது. கரிடாட் அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள், ஏதோ நியுர்காவே பெற்று வளர்த்து அனுப்பி வைத்தது போல. "எனக்கென்ன வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓர்லாந்தோ கண்ணைத் துடைத்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நியுர்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. புதன்கிழமை எல்லாரும் வந்து பார்க்கும்போது குட்டு உடையும் என்பது ஆஸ்பத்திரி மூலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அன்று மதியம் கரிடாட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் கேட்டால்தானே கதை நிறையும். நியுர்கா சமையலறையில் தட்டில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் கரிடாட்டின் குரல் கேட்டது.

"எர்மினியா, நெசமாவே அந்தப் பொண்ணு போயிட்டாளா? உம் மருமக சொல்றத நம்பலாமா?"

நியுர்காவின் விரல் அரிசியில் நின்றுவிட்டது. கிழவி இப்போது சிரிக்கப் போகிறாள், தெருவெல்லாம் சிரிக்கப் போகிறது என்று காத்திருந்தாள்.

"போயிட்டா" என்றாள் எர்மினியா.

"கையில ஏதாச்சும் எடுத்துக்கிட்டாளா?"

"ஒரு நீலப் பை. மேலாக ஒரு பச்சப் பாவாட, கசக்கித் திணிச்சிருந்தா. துணி மடிக்கத் தெரியாத பொண்ணு."

"மாமியாக்காரி தடுக்கலையா?"

"அவ தூங்கற மாதிரி படுத்திருந்தா."

கரிடாட் போனதும் நியுர்கா தன் அறைக்குப் போய்க் கட்டிலுக்கடியில் குனிந்தாள். மின்விசிறிப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பையைத் திறந்தாள். பச்சைப் பாவாடை மேலாக இருந்தது. அவள் சுருட்டி வைத்தது போல் இல்லை. ஓரம் ஓரத்தோடு சேர்ந்து, கத்தி வைத்து வெட்டியது போல மடித்திருந்தது. எர்மினியா முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவையறையில் போர்வை மடித்தவள். அப்படி மடிக்க அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.

நாற்காலிச் சக்கரம் அந்த அறை வாசற்படியைத் தாண்டாது. தாண்டினாலும் கட்டிலுக்கடியில் குனிய எழுந்திருக்க வேண்டும், பெட்டியை நகர்த்த வேண்டும், மறுபடி வைக்க வேண்டும். நியுர்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் ரொட்டி வரிசையில் நிற்கிற நேரமெல்லாம் கிழவி இந்த வீட்டுக்குள் நடமாடியிருக்கிறாள். தூக்கிய தடவையெல்லாம், புரட்டிய இரவெல்லாம், முதுகுவலிக்கு அவள் தடவிய தைலமெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கத்த வேண்டும் போலிருந்தது. அதே சமயம், மன்சானியோ மாடியில் சன்னலோரம் உட்கார வைக்கப்பட்ட எர்மினியா, தெரியாத தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் எர்மினியா, வேண்டாமென்றாலும் கண்முன் வந்து நின்றாள். அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

கூடத்துக்கு வந்தாள். "அத்தை, என் ரூமுக்கு வந்தீங்களா?"

"நான் எங்கடி வர்றது? எனக்குக் காலா இருக்கு?" எர்மினியா ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவாடைய யாரு மடிச்சா?"

"அரிசி அப்படியே கெடக்கு பாரு. கோழி வந்து கொத்தப் போகுது."

நியுர்கா போய் அரிசியைப் பொறுக்கினாள். கதவு திறந்துதான் கிடந்தது. காவல்காரன் இல்லை. வெயிலும் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள், அப்புறம் இன்னொன்றை. லாவீனியாவை மூதேவி என்று சொன்ன வாய் இப்போது மூடிக்கொண்டு இருந்தது. இரவு மாமியாரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். கிழவி உடம்பை அவள்மேல் முழுப்பாரமாகப் போட்டாள், எப்போதும் போல.

புதன்கிழமை மாலையில் என்றும் இல்லாத கூட்டம். பக்கத்துத் தெருவிலிருந்தும் நாற்காலிகள் வந்தன. லாவீனியா இனி எங்கே போவாள் என்பதில் பெரிய வழக்கு நடந்தது. "நேரா கடலுக்குத்தான் போவா. இல்லன்னா நான் மீசைய எடுக்கறேன்" என்றான் ஓர்லாந்தோ. "நீ மீசைய எடுத்தா உன் குதிரையே உன்ன வண்டியில ஏத்தாது" என்றாள் கரிடாட். காப்பி மணத்தது. நியுர்கா சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அங்கிருந்து பார்த்தால் வாசல் எதிர்ப்பக்கம், அவளுக்கும் வாசலுக்கும் நடுவே தெரு முழுதும் உட்கார்ந்திருந்தது. விடிந்தால் லாரி. பை கட்டிலுக்கடியிலேயே இருந்தது.

பாட்டு முடிந்தது. படம் வந்தது. சமையலறை. ஏப்ரன் கட்டிய லாவீனியா குனிந்து மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இது பழைய பாகமோ?" என்றது ஒரு குரல்.

"பழசும் இல்ல, புதுசும் இல்ல. அவ வீட்டை விட்டு நகரவே இல்ல!" கரிடாட்டின் நாற்காலி ஆடுவது நின்றது. அவள் முழு உடம்பையும் திருப்பி நிலைப்படியைப் பார்த்தாள். "ஏண்டி நியுர்கா! திரும்பிக்கூடப் பாக்கலன்னியே! நான் பாவி, என் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லி, ரெண்டு பேரும் அழுதோமேடி!"

ஒவ்வொரு தலையாக டிவியை விட்டு நியுர்காவின் பக்கம் திரும்பியது. அவள் முகம் கொதித்தது.

"இவ மட்டுமா சொன்னா?" என்றான் ஓர்லாந்தோ. "எர்மினியாவும்தான சொன்னாளாம்? நீலப் பை, பச்சப் பாவாடன்னு?"

"ஆமா! வாய் கூசாம எங்கிட்டயே சொன்னா! எர்மினியா, என்ன கதை இது?"

எர்மினியா சக்கர நாற்காலியின் கைப்பிடிகளில் இரண்டு கையையும் ஊன்றினாள். எழுந்தாள். யாரையும் பிடிக்கவில்லை, அலறவும் இல்லை. ஓர்லாந்தோ தன்னையறியாமல் காலை மடக்கி வழிவிட்டான். ஓர் அடி, இன்னோர் அடி என்று டிவி வரைக்கும் நடந்துபோய் அதை அணைத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் இவளச் சொல்லல" என்றாள், இருண்ட திரையைக் காட்டி.

கரிடாட் சிலுவை போட்டுக்கொண்டாள். "எர்மினியா... நீ நிக்கிற."

"நிக்கிறேன். மிர்தாவுக்குப் போன் போட்டு யாராச்சும் சொல்லுங்க. நாளைக்கே சொல்லுங்க."

அவள் நியுர்காவைப் பார்க்கவில்லை. டிவி மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. நியுர்கா நிலைப்படியை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். அவளுக்கு முன்னால் நாற்காலிகள். இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் வாசல். வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் மெதுவாக எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார். அவர் விட்ட இடைவெளியில் தெரு தெரிந்தது. இங்கே, அணைந்த டிவிக்குப் பக்கத்தில், எர்மினியாவின் முழங்கால்கள் வெடவெடவென்று ஆடத் தொடங்கின.