கால் படாத முற்றம்

இறந்தவர் உடலைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. பள்ளிவாசலிலிருந்து காலியாகக் கொண்டு வரும்போதே இந்தப் பாடு. சித்தப்பா மகன் மர்ஸூக் ஒரு முனையைத் தம் கட்டித் தூக்க, மஞ்சள் கல்சுவரில் நீளமாகக் கீறல் விழுந்தது.

"ஆள் உள்ள இருக்கும்போது எப்படிடா இறக்குவீங்க?" மேலிருந்து ருதைனா கேட்டாள்.

"கொஞ்சம் நிமிர்த்திப் பிடிச்சா வந்துடும்க்கா."

"நிமிர்த்துவியா? எங்கப்பா என்ன அலமாரியா?"

உள்ளே அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பா விடியற்காலையில் தூக்கத்திலேயே போயிருந்தார். மதியம் லுஹர் தொழுகைக்குள் இறக்கியாக வேண்டும்.

வேறு வழி இல்லாமலில்லை. கீழ்வீட்டு அபூ ஜிரியெஸின் முற்றத்துக்கு இவர்கள் வாசலிலிருந்தே ஒரு கதவு உண்டு. அதைக் கடந்தால் நேரே தெரு. மலைச்சரிவில் அடுக்கடுக்கான சல்த் ஊரே அப்படி அடுத்தவர் முற்றம் வழியாகத்தான் ஏறி இறங்கும். ஆனால் அப்பா சத்தியம் செய்திருந்தார்.

அபூ ஜிரியெஸிடம் பகடையில் தோற்ற எரிச்சலில் ஒருநாள் அப்பா சொல்லிவிட்டார்: "உன் தாத்தா வீட்டுக் காபியைக் குடிச்சுப் பாத்துட்டுத்தான் தலைநகரம் நம்ம ஊரை விட்டு அம்மானுக்கு ஓடிச்சு!" சல்த்துக்காரரிடம் எதைச் சொன்னாலும் பொறுப்பார், தலைநகரம் கைவிட்டுப் போன கதையை மட்டும் பொறுக்க மாட்டார். அபூ ஜிரியெஸ் காபிக் குடுவையை அப்படியே கவிழ்த்தார். "என் கால் இனி உன் முற்றத்துல படாது" என்று எழுந்து வந்தார் அப்பா. அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் இந்த நீளப் படிக்கட்டுதான்.

"சத்தியம் அவரோடது. கேஸ் சிலிண்டர் தூக்குன இடுப்புவலி என்னோடது" என்பாள் அம்மா.

அந்த அபூ ஜிரியெஸ் இப்போது அதே நீளப் படிக்கட்டில் தடியூன்றி, மூச்சு வாங்க ஏறி வந்தார். மர்ஸூக் சின்னக் கிண்ணத்தில் கசப்புக் காபி ஊற்றிக் கொடுத்தான். அவர் வாங்கினார். குடிக்காமல் தரையில் வைத்தார்.

கூடத்தில் பேச்சு நின்றது. விருந்தாளி காபியைக் கீழே வைத்தால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம். கொடுத்தால்தான் குடிப்பார். குடிக்காமல் போனால் வீட்டுக்கு மானக்கேடு.

"கேளுங்க, பெரியப்பா" என்றாள் ருதைனா. அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. பதில் அவள்தான் சொல்ல வேண்டும்.

"அவன் என் வீட்டு வழியாத்தான் போகணும், மகளே."

அவள் உள்ளே அப்பா கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் மாறாத மனுஷன். கண் மூடிய அன்றைக்கே அந்தச் சொல்லை உடைப்பதா? கிண்ணத்தில் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது.

"அப்பா சத்தியம் பண்ணியிருக்காரே."

"என்னன்னு?"

"கால் படாதுன்னு."

"படாதே! நாலு பேர் தோள்ல ராஜா மாதிரி போறான். கால் எங்க படுது?"

முக்காட்டுக்குள்ளிருந்து அம்மா குரல் வந்தது: "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா, நானே ஆள் வச்சுத் தூக்கிட்டு வந்திருப்பேனே!"

ருதைனா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் கண்ணீரும் விரலிடுக்கில் ஒன்றாக வந்தன.

"குடிங்க, பெரியப்பா. ஆறிடப் போகுது."

ஒரே மடக்கில் குடித்தார். இன்னும் ஊற்றிவிடாமல் இருக்க, போதும் என்று கிண்ணத்தை ஆட்டிக் காட்டினார். "கசப்பு பத்தல" என்றார்.

ருதைனா கூரை மேல் நின்று பார்த்தாள். சந்தூக்கு முற்றத்துக்குள் நுழைந்தது. அபூ ஜிரியெஸ் கை காட்டி நிறுத்தினார். ஒரு கிண்ணம் காபி ஊற்றிக் குட்டைச்சுவர் மேல் வைத்தார். சந்தூக்கைப் பார்த்து ஏதோ சொன்னார். தூக்கியவர்களின் தோள்கள் குலுங்கின, கூடவே சந்தூக்கும் குலுங்கியது. பிறகு தெருவில் இறங்கிப் போனார்கள்.

சாயங்காலம் கீழே போனாள். அந்தக் கதவு சாத்தப்படவில்லை. நிலைப்படியில் ஒரு கணம் நின்று, கால் எடுத்து வைத்தாள். அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கிண்ணம் சுவர் மேல் அப்படியே இருந்தது.

"நிறுத்தி என்ன சொன்னீங்க, பெரியப்பா?"

"இப்பக் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுடான்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசல, பாத்துக்கோ. முதல் தடவையா."

ருதைனா கிண்ணத்தை எடுத்தாள். சில்லென்று ஆறிப்போயிருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கிண்ணத்தை ஆட்டவில்லை. அப்படியே அவர் பக்கம் நீட்டினாள்.