சூக்கி சாகவில்லை

நியூ பெட்ஃபோர்டில் என் ஊசி படாத கவுன் இல்லை. எந்தச் சீமாட்டிக்கு இடுப்பு எவ்வளவு என்பது மட்டுமல்ல, யாருக்குக் கண்ணீர் எவ்வளவு சுலபமாக வரும் என்பதும் எனக்கு அத்துப்படி. வியாழக்கிழமைதோறும் அடிமை ஒழிப்புச் சங்கத்துப் பெண்கள் திருமதி தார்ன்டைக் வீட்டில் கூடுவார்கள். சங்கத்துச் சந்தைக்காக ஊசிப்பைகளும் குழந்தைத் தொப்பிகளும் தைப்பார்கள். ஒருவர் உரக்க வாசிப்பார். அடிமைகள் விளைவித்த சர்க்கரை அந்த வீட்டுப் படி ஏறாது, தேநீருக்கு மேப்பிள் வெல்லம்தான். நல்ல மனுஷி. அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும் அன்றைக்குச் சொல்லும்படி ஆகிவிட்டது.

தெற்கே கரோலினா நெல்வயல்களில் அடிமையாக இருந்து, வடக்கே எங்கள் ஊருக்குத் தப்பி வந்த வைனி என் வீட்டு மாடியறையில் இருந்தாள். அவள் தன் கதையைச் சொல்லச் சொல்ல, திருமதி தார்ன்டைக் எழுதினார். புத்தகமாக அச்சாகப் போகிறது. ஊரே தனக்காகப் பரிதாபப்பட வேண்டும் என்ற ஆசையெல்லாம் வைனிக்குக் கிடையாது. அவளுக்கு வேண்டியது மகள் சூக்கி. ஐந்து வயதில் அங்கேயே விட்டுவிட்டு வந்த பிள்ளை. எங்கள் கறுப்பு மாலுமிகள் தெற்குத் துறைமுகங்களுக்குப் போய் வருகிறவர்கள். புத்தகத்தின் வழியாக அவர்கள் காதில் சூக்கியின் பெயர் விழ வேண்டும், எவனாவது ஒருவன் விசாரித்து வந்து "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அத்தனை மாதமும் உட்கார்ந்து கதை சொன்னாள்.

அன்று கடைசி அத்தியாயத்தைத் திருமதி தார்ன்டைக்கே வாசித்தார்; நானும் வைனியும் அங்கே இருந்தோம். அதில் சூக்கிக்குக் காய்ச்சல் வந்தது. நெற்றியில் ஈரமுடி ஒட்டிக் கிடக்க, தாய் மடியில் படுத்து, வாசலில் வெள்ளையாக யாரோ நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். இனி இழக்க ஒன்றுமில்லாத தாய் தப்பி ஓடினாள். அறையே விசும்பியது. திருமதி பெல் கையிலிருந்த குழந்தைத் தொப்பியிலேயே மூக்கைச் சிந்தினார். அது விற்பனைக்கு வைத்திருந்த தொப்பி.

"அம்மா, யாரு அந்தப் புள்ள?" என்றாள் வைனி.

"உன் சூக்கிதான், வைனி" என்றார் திருமதி தார்ன்டைக்.

"அவ சாகலையே."

"தெரியும்மா. ஆனா படிக்கிறவங்க மனசு இளகணும்ல? எல்லாக் கதையிலயும் அப்படித்தான். கொழந்த செத்தாத்தான் அழுவாங்க. அழுதாத்தான் அடிமை ஒழிப்பு மனுவுல கையெழுத்துப் போடுவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப உசுரோட தவிக்கிற புள்ளைக்கு அழ மாட்டாங்களாம்மா? உங்க ஆளுங்களுக்கு அழறதுக்குக்கூடப் பொணம் வேணுமா?"

"சும்மா இரு, கெசியாக்கா" என்றாள் வைனி என்னிடம். பிறகு அவரிடம், "செத்துப்போன புள்ளைய எவம்மா தேடுவான்?" என்றாள்.

திடீரென்று எல்லாப் பெண்களுக்கும் இரவுச் சமையல் நினைவுக்கு வந்துவிட்டது. வாசல் கதவு சாத்தியதும் நாங்கள் மூவரும்தான் மிச்சம். திருமதி தார்ன்டைக் தாள்களைக் கையில் எடுத்து அடுக்கினார். வைனி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெத்தியில முடி ஒட்டிக்கிட்டிருந்துச்சுன்னு படிச்சீங்களே. அத நான் சொல்லலம்மா. கண்ணால பாத்தவங்கதான் அப்படி எழுத முடியும்."

திருமதி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "லெட்டி" என்றார். "என் பொண்ணு. நாலு வயசு. இந்த வீட்ல யாரும் அவ பேர எடுக்கிறதில்ல. நான் ஒடஞ்சிடுவேன்னு பயம்."

லெட்டிக்குக் கடைசி கவுன் தைத்தவளே நான்தான். எனக்கே உறைக்கவில்லை. என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ.

வைனி எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்படி இருப்பா?" என்று கேட்டாள். இத்தனை நாள் வைனி சொல்ல எழுதிக்கொண்டிருந்தவர், இப்போது தானே சொல்லத் தொடங்கினார். பூனைக்குத் தொப்பி போட்டுவிடுவாளாம். பட்டாணியை மட்டும் துப்பிவிடுவாளாம். வைனி சிரித்தாள், அவரும் சிரித்தார், பிறகு அழுதார்.

கடைசியில் அந்தத் தாள்களைக் கணப்பில் போடப் போனார். வைனி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எரிக்காதீங்கம்மா. அது லெட்டியோடது. அவ பேரப் போட்டு வெச்சுக்கங்க. எம்மக கதைய நான் சொல்றேன்."

திருமதி புதுத் தாள் எடுத்தார். "சொல்லு, வைனி."

"எம்மக சூக்கி உசுரோட இருக்கா. இப்ப ஏழு வயசு. முன்பல்லு விழுந்திருக்கும். எடது முழங்கையில சுட்ட தழும்பு இருக்கும்."

"அப்புறம்?"

"ஓடிப்போனவங்க சேத்துல முங்கி செத்துட்டாங்கன்னுதான் அங்க புள்ளைங்ககிட்ட சொல்வாங்க" என்றாள். "அவ அத நம்பியிருப்பா. அதனால, அவளப் பாக்குறவங்க இதச் சொல்லணும்னு எழுதுங்க. ஒங்கம்மா சாகல."