ஆறரை ஆள் கிழங்கு

இப்போதெல்லாம் மனிதர்களுக்குக் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரிவதில்லை. அடுத்தவன் கிழங்குத் தோட்டத்தைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறவன் ஒருத்தன்கூட இல்லை. எட்டிப் பார்க்கிறான். கொடி என்ன தடிமன் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறான். போதாததற்குப் போனை நீட்டிப் படம் பிடித்து, ஹவாயில் ஓட்டலில் பாத்திரம் கழுவும் மச்சானுக்கு அனுப்புகிறான். அடுத்தவன் கிழங்கைப் பார்ப்பதும் அடுத்தவன் குளிப்பதைப் பார்ப்பதும் ஒன்றுதான் என்பது லூத்ரிக்கின் கட்சி.

அதனால்தான் தன் பெருவள்ளிக் கிழங்கை அவர் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால், நாற்றத்துக்குப் பயந்து எவனும் வராத மூலையில் நட்டிருந்தார். குழியைச் சுற்றி வருஷக்கணக்காக அழுகல் இலையைக் கொட்டி வளர்த்தார். எவ்வளவு பெரியது என்று மனைவி கிளாராவிடம்கூடச் சொல்லவில்லை. தோண்டிய அன்று குழிக்குள் இறங்கிப் பார்த்தவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கிழங்குக்கு வாழையிலையை இறுக்கிச் சுற்றிக் கட்டினார். மேலே தூக்க வந்த மருமகன்கள் வெல்சினுக்கும் பெர்னார்தோவுக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் தூக்க வேண்டும் என்று உத்தரவு. இருவரும் மூடிக்கொண்டார்கள். அதனால் முதல் தடவை பன்றித் தொட்டியில் விழுந்தார்கள்.

பெருந்தலைவருக்கு நடக்கும் விருந்துக்குக் கிழங்கு போக வேண்டும். போன்பெய் தீவில் விருந்துக் கிழங்கை யாரும் தராசில் வைப்பதில்லை. எத்தனை ஆள் தூக்கினார்கள் என்பதுதான் அளவு. இந்த வருஷம் அந்த அளவில்தான் லூத்ரிக்கின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. ஊர்ப் பட்டங்களில் ஒன்று காலி. பெரிய கிழங்கு கொண்டுவருகிறவனுக்கு அது கிடைக்கும் என்று பேச்சு. பட்ட வரிசைப்படிதான், சகாவ் என்ற மயக்கச் செடியின் வேரைப் பிழிந்த சாறு ஒரே சிரட்டையில் கைக்குக் கை வரும். லூத்ரிக்குக்கு நேர் மேலே இருப்பவன் கசியானோ. அவருக்கு மகன் வயசு, ஆனால் பட்டத்தில் ஒரு படி மேல். அவனுடைய மீசை முங்கி எழுந்த சிரட்டையைத்தான் லூத்ரிக் இத்தனை காலம் குடித்துவந்தார். காலியான பட்டமோ கசியானோவுக்கும் நேர் மேலே. கிடைத்தால் சிரட்டை முதலில் லூத்ரிக்கிடம் வரும். மற்றபடி அந்தப் பட்டத்தால் சல்லிக்காசு பிரயோசனம் கிடையாது. அவருக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

கசியானோவின் கிழங்கு காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. நாலு ஆள் கிழங்கு. ஊரே பார்த்தது. போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறைக்கு, தம்பி ஏவால்ட்டையும் கூட்டிக்கொண்டு லூத்ரிக் வீட்டுக்கு வந்து நின்றான்.

"பெரியவரே, ஏதோ கிழங்கு இருக்காமே? நாங்களும் ஒரு தோள் குடுக்கட்டுமா?"

"அது எங்கய்யா கிழங்கு! பன்னிக்குப் போடலாம்னு வெச்சிருந்தேன். தலைவர் மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருக்கு."

முறைப்படி சொல்ல வேண்டியது அதுதான். தன் கிழங்கைத் தானே பெருமை பேசுகிறவனை ஊர் காறித் துப்பும்.

லூத்ரிக் நீளமான கண்டல் மரக்கம்பு ஒன்றை எடுத்துவைத்தார். முன்னால் இரண்டு தோள், பின்னால் இரண்டு தோள். கசியானோவையும் தம்பியையும் முன்னால் விட்டார். முதுகில் கண் கிடையாது அல்லவா? அப்படியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பிப் பார்த்தால்? கிழங்கைக் கம்பின் நடுவில் கட்டாமல் பின்னால் தள்ளி, மருமகன்களின் மூக்குக்கு முன்னால் நார்க்கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். இனி கழுத்து ஒட்டகச்சிவிங்கி கணக்காக இருந்தாலொழிய எவனும் பார்க்க முடியாது.

மழை தூறிக்கொண்டிருந்தது. கம்பு கிளம்பியது. முன்னால் கசியானோ பாட்டுப் பாடிக்கொண்டு போனான். ஏவால்ட் நடுவழியில் கம்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் பாக்கு கடித்தான். பின்னால் வெல்சினின் முகம் சிவந்து, கறுத்து, பிறகு ஒரு மாதிரி பச்சையாக மாறியது. பெர்னார்தோ மாதாவைக் கூப்பிட்டான், பிறகு செத்துப்போன அவன் அப்பாவைக் கூப்பிட்டான், கடைசியில் விரோதிகளைக்கூடக் கூப்பிட ஆரம்பித்தான்.

விருந்துக் கொட்டகை வாசலில் இறக்கினார்கள். மருமகன்கள் இரண்டு பேரும் அப்படியே மல்லாந்தார்கள். கசியானோ தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

"ஒரு கொத்து பாக்கு தூக்கிட்டு வந்த மாதிரிகூடத் தெரியல. இதுக்கு நாலு ஆள் எதுக்கு? இது ரெண்டு ஆள் கிழங்கு. அதுவும் ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்களா இருந்தாப் போதும்."

கூட்டம் சிரித்தது. முறைப்படி லூத்ரிக் அதையும் ஒத்துக்கொண்டாக வேண்டும்.

"ஆமாய்யா. ரெண்டு ஆளே அதிகம்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு மருமகன்களிடம் குனிந்தார். "எழுந்திரிங்கடா! மானத்த வாங்காதீங்க."

"மாமா, என் தோள் எலும்பு உள்ள இருக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்றான் பெர்னார்தோ.

"வாய மூடு. உன்னவிட பதினஞ்சு வயசு மூத்தவன் பாட்டுப் பாடிக்கிட்டு வர்றான். நீ பிள்ள பெத்தவ மாதிரி கெடக்குற. எம் பொண்ணுக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

மீனா அப்போதுதான் வந்தாள். கிளாராவின் அக்கா மகள். குவாமுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, பாலம் கட்டும் ஆபீசில் வேலை. லூத்ரிக்குக்குப் பாலங்கள் மேலேயும் நம்பிக்கை கிடையாது. ஆற்றில் இறங்கித்தான் நடப்பார்.

"சித்தப்பா, கிழங்கப் பின்னால தள்ளிக் கட்டிட்டீங்க. பாரம் எந்தப் பக்கம் கிட்ட இருக்கோ அந்தப் பக்கத்துத் தோள்தான் சாகும். முன்னால இருக்கறவனுக்கு என்ன தெரியும்?"

"கிழங்கு ஒண்ணுதானே? பின்னால இருந்தா பெருசு, முன்னால இருந்தா சின்னதுன்னு ஆயிடுமா?"

"எடை ஒண்ணுதான். ஆனா தூரம்னு ஒண்ணு இருக்குல்ல? எடைய தூரத்தால பெருக்கணும். அதுக்குப் பேரு திருப்புத்திறன்."

"பேரு வெச்சுட்டா உண்மையாயிடுமா? கசியானோவுக்குக்கூடத்தான் பட்டப்பேரு இருக்கு."

"சரி, உங்க வீட்டுக் கதவத் தொறக்கறப்போ எங்க தள்ளுவீங்க? கீல் பக்கமா, ஓரத்துலயா?"

"எங்க வீட்டுல கதவே இல்ல."

"சரி விடுங்க சித்தப்பா, கயித்த அவுத்து நடுவுல மாத்திக் கட்டுங்க. நாலு பேருக்கும் பாரம் சமமா வரும். அப்புறம் அந்தாளு வாய் தானா மூடும்."

"எல்லார் முன்னாலயும் அவுக்கச் சொல்றியா? இதுக்கா உன்ன குவாமுக்கு அனுப்பிப் படிக்க வெச்சாங்க?"

லூத்ரிக் சொந்தமாக யோசித்தார். யோசித்ததில் அவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது: கோளாறு மருமகன்களிடம். பின்னால் விட்டால் எவனும் வேலை செய்யமாட்டான், முனகிக்கொண்டே நடப்பான். கண் முன்னால் நிறுத்தினால்தான் ஒழுங்காகத் தூக்குவான். வாசலிலிருந்து தலைவர் உட்கார்ந்திருக்கும் மேடை வரைக்கும் கிழங்கு இன்னும் போயாக வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது கசியானோ இலையை விலக்கி எட்டிப் பார்க்கவும் மாட்டான். அவர் கசியானோ முன்னால் போய்க் குனிந்து நின்றார்.

"ஐயா, என் மருமகனுங்க ரெண்டும் சோப்ளாங்கி. இதுங்க முன்னால போகட்டும். நீங்களும் தம்பியும் பின்னால வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

கசியானோ தலைவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "அதுக்கென்ன பெரியவரே! இந்தப் பசங்க சும்மா கம்பத் தொட்டுக்கிட்டு வந்தாப் போதும். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

நாலு பேரும் கம்புக்கடியில் தோளைக் கொடுத்தார்கள். வரும் வழியில் பட்ட பாடு வெல்சினுக்கும் பெர்னார்தோவுக்கும் மறக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மாமனார் மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரே தூக்காகத் தூக்கினார்கள்.

கம்பின் முன்முனை ராக்கெட் மாதிரி மேலே போய்க் கூரை விட்டத்தில் இடித்தது. விட்டத்தில் உட்கார்ந்திருந்த சேவல் அலறிக்கொண்டு தலைவரின் சமையற்காரி மேல் விழுந்தது. பின்முனை எழும்பவே இல்லை. கசியானோவின் முழங்கால் ஒரு தடவை ஆடியது, இரண்டாம் தடவை மடங்கியது. கம்பு சறுக்குமரமாகிவிட்டது. கயிறு வழுக்கியது. கிழங்கு வாழையிலைப் பாவாடையோடு நிதானமாகச் சறுக்கி வந்தது. ஏவால்ட் தாவிக் குதித்துத் தப்பித்தான். கசியானோ தொப்பென்று தரையில் உட்கார, கிழங்கு அவன் மடியில் வந்து உட்கார்ந்தது.

இலை கிழிந்து விழுந்தது. கிழங்கு வெட்டவெளிச்சமாகக் கிடந்தது. கூட்டம் மொத்தமும் கழுத்தை நீட்டியது.

"பாக்காதீங்கய்யா!" என்று கத்திக்கொண்டு லூத்ரிக் தன் கண்ணைத் தானே பொத்திக்கொண்டார்.

"எடுங்கடா!" என்று கசியானோ கீச்சுக் குரலில் கத்தினான். "கால் போச்சுடா!"

இரண்டு பேர் ஓடிவந்து இழுத்தார்கள். அசையவில்லை. நாலு பேர் சேர்ந்தார்கள். கொஞ்சம் எழும்பிவிட்டு, கசியானோ "அம்மாடி" என்பதற்குள் திரும்ப உட்கார்ந்தது. ஆறு பேர் கையைக் கோத்து, "ஹோய்!" என்று தம் கட்டித் தூக்கியபோதுதான் கிளம்பியது. அதற்கும் கசியானோ கீழேயிருந்து வயிற்றால் தள்ள வேண்டியிருந்தது.

பெருந்தலைவர் விசிறியை மடியில் வைத்தார்.

"ஆறு ஆள் கிழங்கு" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அடியிலேர்ந்து கசியானோ தள்ளினதையும் சேத்தா ஆறரை."

"நான் அரை ஆளா?" என்றான் கசியானோ, தரையிலிருந்து.

"உக்காந்துக்கிட்டு இருக்கறதால."

"ஐயோ, அது ஒரு வத்தல் கிழங்குங்க" என்றார் லூத்ரிக். தலையை எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்க வேறு இடம் கிடைக்கவில்லை.

பட்டம் அவருக்கே கிடைத்தது. அன்று சிரட்டை முதலில் அவரிடம் வந்தது. சகாவ் கஞ்சி மாதிரி கெட்டியாக இருந்தது. கண்ணை மூடிக் குடித்தார். கசியானோவிடம் நீட்டுவதற்கு முன்னால், அவசரப்படாமல், தாடியை ஒரு தடவை நன்றாக உள்ளே முக்கி எடுத்தார்.

விருந்து முடிந்ததும் பங்குக்குப் பன்றித் தொடை ஒன்று கொடுத்தார்கள். அதை ஒரு கழியின் நுனியில் மாட்டி, கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பும்போது மீனா வந்து மறித்தாள்.

"இப்பவாவது நம்புறீங்களா சித்தப்பா?"

"எத?"

"அதான், தூரம். பாரத்துக்குக் கிட்ட யாரு, எட்ட யாருங்கறது."

"என்ன தூரம்? சோம்பேறிய கண்ணு முன்னால நிறுத்தினேன், வேலை செஞ்சான். வாயாடிய பின்னால நிறுத்தினேன், உக்காந்துட்டான். ஆள எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரிஞ்சது. இதுல பெருக்கறதுக்கு என்ன இருக்கு? பெருக்கறதுன்னா போய் கொட்டகையப் பெருக்கு."

சொல்லிவிட்டு நடந்தார். பத்தடி போவதற்குள், கழியின் முன்முனையை அழுத்திப் பிடித்திருந்த கை கடுக்கத் தொடங்கியது. நின்றார். பின்னால் கைவிட்டு, தொடையை நுனியிலிருந்து இழுத்துத் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். கை லேசாகிவிட்டது.

"சித்தப்பா!" என்று மீனா கொட்டகை வாசலிலிருந்து கத்தினாள். "கறிய எதுக்குத் தோள்கிட்ட இழுத்துக்கிட்டீங்க?"

"நாய் தாவும்!" என்றார் லூத்ரிக். திரும்பிப் பார்க்காமல், பாலத்தை விட்டு ஒதுங்கி ஆற்றில் இறங்கி நடந்தார்.