மூன்றாம் குழியில் மண் இறங்கவில்லை

1

இந்தக் கதை ஒரு கல்லறைத் தோட்டத்தில் பிறந்தது என்று எழுதினால் நீங்கள் உடனே சோகத்துக்குத் தயாராகிவிடுவீர்கள். வேண்டாம். நடந்தது இவ்வளவுதான்: சென்ற ஆண்டு சித்தூரில் என் பெரியப்பாவை அடக்கம் செய்தோம். எங்கள் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடமில்லை. அதனால் தாத்தாவின் குழியையே திறந்து, கிடைத்த எலும்புகளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்து, அதிலேயே பெரியப்பாவை இறக்கினார்கள். எங்களுக்கு இது புதிதல்ல, எல்லாக் குடும்பத்துக்கும் இதுதான் வழக்கம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தால், எங்கோ ஒரு யுரேனிய ஆலையில் கதிரியக்கக் கழிவு புதைக்கப்படுவதை அதிகாரிகள் ஆய்வு செய்ததாக நாலு வரிச் செய்தி. இரண்டு புதைப்பும் என் தலைக்குள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. பிரித்துப் பார்த்தேன், வரவில்லை.

(திருப்பதிப் பக்கம், ஏர்பேட்டுக்கு அப்பால் ஒரு யுரேனிய ஆலையை நானே கட்டியிருக்கிறேன். நிஜத்தில் அங்கே கடலையும் நெல்லும்தான். பஸ் பிடித்துப் போய்த் தேடாதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "கதிர்வீச்சு ஆய்வாளர் ஜெமிமா ஜீப்பிலிருந்து இறங்கியபோது வானம் செந்நிறமாக..."

அடித்துவிட்டேன். காலை பத்து மணிக்கு வானம் எதற்குச் சிவக்க வேண்டும்?

இரண்டாவது: "யுரேனியம் என்பது..." பாடப்புத்தகம். ஆனாலும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். தாதுவை அரைத்து யுரேனியத்தை எடுத்தபின் மிஞ்சும் சேறு பெரிய குட்டைக்குப் போகும். அந்தச் சேறு பட்ட குழாய், வடிகட்டும் பில்டர் துணி, கையுறை எல்லாம் குழிக்குப் போகும். குழி நிரம்பியதும் மேலே கனமாகக் களிமண் மூடி. அந்த மூடியை உடைக்கக் கூடாது. உடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, கழிவைத் தொட்டு, ஊர் போர்வெல் தண்ணீரில் கலக்கும். இந்தக் கதைக்கு இவ்வளவு விஞ்ஞானம் போதும்.

3

ஜெமிமா சித்தூர்க்காரி, எங்கள் சபை, அரசு ஆய்வாளர் வேலைக்காகத் திருப்பதியில் குடியிருக்கிறாள். முதலில் அவளை மிகக் கண்டிப்பானவளாக எழுதினேன். என் மனைவி ஞானமணி படித்துவிட்டு, "இன்னா இது, இவ சிரிக்கவே மாட்டாளா? ஆபீசர்னா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினுதான் இருக்கணுமா?" என்று கேட்டாள். ஆகவே ஜெமிமா இப்போது சிரிக்கிறாள். ஆலை வாசலில் நேசகுமாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

நேசகுமார் ஆலையில் கழிவு புதைக்கும் பகுதியின் சூப்பர்வைசர். எங்கள் கல்லறைத் தோட்டக் கமிட்டியின் செயலாளரும் அவர்தான். முந்திய வருஷம் ஜெமிமாவின் அப்பா, அவள் பேச்சில் நைனா, இறந்தபோது, கமிட்டியில் சண்டை போட்டு, அவள் தாத்தாவின் குழியில் இடம் வாங்கிக் கொடுத்தவர். "சிமெண்ட் பூச அவசரப்படாத பாப்பா. ஒரு மழ போவட்டும், மண்ணு எறங்கும்" என்று சொன்னவரும் அவரே. சொன்னபடியே ஒரு சாண் இறங்கியது.

(ஒரே ஆளுக்கு இரண்டு வேலை கொடுப்பது கதைக்காரனின் வசதி என்று முணுமுணுப்பீர்கள். எங்கள் சபையில் ஏதாவதொரு கமிட்டியில் இல்லாத ஆம்பளையைக் காட்டுங்கள், திருத்திவிடுகிறேன்.)

4

மூன்றாம் குழி சென்ற ஆண்டு மழைக்கு முன்பே மூடப்பட்டது. ஜெமிமா கதிர்வீச்சு மீட்டரைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். அளவு சாதாரணமாகவே இருந்தது. அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனால் குழியின் மேல் மண் மேடாக இருந்தது. ஒரு பருவமழை முழுக்க நனைந்த மண் இறங்கியிருக்க வேண்டும். இதுவோ நேற்று அடக்கம் முடிந்ததுபோல் குவிந்து கிடந்தது. அவளுக்கு நைனாவின் குழி ஞாபகம் வந்தது.

"அங்கிள், இத எப்ப தொறந்தீங்க?"

நேசகுமார் பொய் சொல்லவில்லை. (சொல்ல வைத்துப் பார்த்தேன். அவர் வாயில் நிற்கவில்லை.)

"போன வாரம். புதுக் குழிக்கு பர்மிஷன் வரல பாப்பா. பில்டர் துணி மூட்ட ஷெட்ல குமிஞ்சிக்கினே போச்சு. நம்ப தோட்டத்துல தொறக்கறதில்லையா? அதே மாரி பழச ஓரம் தள்ளிட்டு, புதுச வெச்சி மூடினேன். மரியாதயாத்தான் மூடினேன்."

"நம்ப தோட்டத்துல நைனா மண்ணாயிடுவாரு அங்கிள். இது ஆவாது."

"மீட்டர்ல ஒண்ணுமில்லியே. இந்த வருசத்தோட ரிடையர் ஆவறேன். நீ எழுதினா என்ன தொரத்திடுவாங்க பாப்பா."

எனக்கு நேசகுமாரைப் பிடிக்கும், வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அவரை வில்லனாக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் பெரியப்பாவுக்கும் இப்படி ஒருவர்தான் கமிட்டியில் சண்டை போட்டார்.

5

முடிவு ஒன்று. ஜெமிமா எதுவும் எழுதாமல் திரும்புகிறாள். ஐப்பசி மழை, மூடி உடைந்த குழிக்குள் இறங்குகிறது. அதன்பின் என்ன ஆகும் என்பது பல வருஷங்களுக்கு யாருக்கும் தெரியாது. இதை எழுத எனக்குச் சிரமமே இல்லை. அதனாலேயே பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு. அறிக்கை எழுதுகிறாள். நேசகுமாரின் வேலை போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் குடும்பம் இவளைப் பார்க்காமல் கடந்து போகிறது. ஆனால் குழியைத் திறந்து, உள்ளே கலைந்து கிடப்பதை ஒழுங்காக அடுக்கி, களிமண் மூடியை முறைப்படி மறுபடி போடுகிறார்கள். நியாயமான முடிவு. பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம் என்று எழுந்தும்விட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. திறந்து, அடுக்கி, போடுகிறார்கள் என்று எழுதிவிட்டேன். யார்?

6

முனுசாமி. ஆலைக்குக் கீழே இருக்கும் ஊரில் ஒப்பந்தக் கூலி. மூன்றாம் குழிக்குள் இறங்கி மூட்டைகளை அடுக்கியவர். அவர் வீட்டில் குடிப்பது அந்த போர்வெல் தண்ணீர்தான். நாலாம் பகுதி முழுக்க அவர் மண்வெட்டியோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். நான்தான் எழுதவில்லை.

"எறங்கும்போது மாஸ்க், கதிர்வீச்சு அளக்கற பேட்ஜ் ஏதாச்சும் குடுத்தாங்களா?" என்று ஜெமிமா கேட்டாள்.

"இல்ல மேடம். சீக்கிரம் முடிக்கணும்னாரு. துண்ட மூஞ்சில கட்டிக்கினு எறங்கிட்டேன்."

நேசகுமார் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் எழுதினா இத மறுபடி தொறக்கணும். இந்த வாட்டி எல்லாம் குடுப்பாங்க."

"தெறந்தா யாரு மேடம் எறங்குவாங்க?"

இதற்கு ஜெமிமா என்ன சொல்வாள்? நான் எழுதிக் கொடுத்தால்தானே சொல்வாள்! கவசம் போட்ட வேறு ஆட்களை அனுப்பிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அந்த ஆலையை நான் கட்டிய விதத்துக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். திறக்காவிட்டால் அந்தக் கழிவு தண்ணீரில் முனுசாமியின் வீட்டுக்கு வரும். திறந்தால் அவரே அதனிடம் போக வேண்டும்.

7

கிழக்கே மேகம் கட்டிவிட்டது. ஜெமிமா பேனாவைத் திறந்து வைத்திருக்கிறாள். நேசகுமார் ஜீப்பில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டிருக்கிறார், ஜெபம் செய்கிறாரோ என்னவோ. இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. சோம்பல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

முனுசாமி இப்போது ஜெமிமாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இதைப் படித்துக்கொண்டிருப்பவர் பக்கம் திரும்புகிறார்.

"மழ வந்துக்கினு கீது. நீங்களாச்சும் சொல்லுங்க. எறங்கட்டுமா?"