சாலை வளைவில் ஒரு செம்பருத்தி

தாவர ஆய்வகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு லென்ஸ் தொங்கும். உலர்ந்த செடிகளை ஒட்டிய தாள்களைப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. ஒருநாள், சாதாரணக் காட்டுச் செம்பருத்தி என்று எழுதி மூடிவைத்த பழைய தாளொன்றில் அவள் கண் நின்றது. பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணத்துக்கு வெளியே இருந்த சின்னக் கீற்றுகளை எண்ணினாள். ஏழு இருக்கவேண்டிய இடத்தில் பத்து. ஒவ்வொன்றின் நுனியும் கவட்டையாகப் பிளந்திருந்தது.

"காஞ்ச பூ ஒண்ண வச்சுக்கிட்டு புது இனம்னு சொன்னா சிரிப்பாங்க," என்றார் இயக்குநர். "புதுப் பூ கொண்டு வாங்க, பேசலாம்."

தாளில் குறித்திருந்த இடத்தை விசாரித்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் காட்டு வளைவில் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். அளவெடுப்பவள் அவளுடைய நாத்தனார்.

"பூவுக்காக எல்லாம் ரோட்ட நிறுத்த மாட்டாங்க, அண்ணி."

"நிறுத்த வேண்டாம். என்னைக் கூட்டிட்டுப் போ, போதும்."

முதல் தடவை வெறும் மொட்டு. இரண்டாம் தடவை போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்து, பூவெல்லாம் உதிர்ந்து சேற்றில் குழைந்து கிடந்தது. மூன்றாம் தடவை விடியும்போதே மரத்தடியில் நின்றாள். வீட்டுச் செம்பருத்திபோல் செடியல்ல, உயர்ந்த மரம்; கிளை எட்டவில்லை. நாற்பத்தெட்டு வயதில், அட்டை கடிக்கக் கடிக்க, ஏறிவிட்டாள்.

"விழுந்து வச்சா அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?" கீழிருந்து நாத்தனார் கத்தினாள்.

"பத்துடி! பத்தும் கவட்டை!"

நாலு வாரம் இருவரும் அந்த வளைவை ஒட்டிய ஓடையோரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினார்கள். மொத்தமே பதினொரு மரங்கள், அதில் ஏழு, சாலைக்காகக் குறித்த கோட்டுக்குள்.

"அறிக்கையில அழகுன்னு எழுதினா குப்பைக்குப் போகும்," என்றாள் நாத்தனார். "எண்ணிக்கை குடுங்க, இடம் குடுங்க. கோட்ட நகர்த்த நான் வழி பார்க்கிறேன்."

இயக்குநரே லென்ஸை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். சாலையை எதிர்ப்பக்கம் தள்ள அனுமதி கிடைத்தது. ஆனால் கடிதம் வந்துசேர்வதற்குள் இரண்டு மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அவள் போய், சாய்ந்த கிளைகளில் முற்றியிருந்த காய்களைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டாள்.

புது இனத்தைப் பற்றிய கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டார்கள். விதைகளில் முளைத்தவை இருபத்து மூன்று. முதல் மழையில் அவற்றை ஓடையோரம் நட்டார்கள். ஐந்து பட்டுப்போயின. மறுநாளே அவள் இன்னொரு பிடி விதையை ஊறப்போட்டாள்.