பாக்ஸைத் தாண்டாத பந்து

நடுவர் சுதா விசிலை ஊதியதும் மின்னி பே மைதானத்தில் ஆரவாரம் அப்படியே அறுந்து விழுந்தது. நீலக்கொடி அணியின் பிரவீன்குமார் கோல் போட்ட மகிழ்ச்சியில் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடியும் தறுவாயில், ஒரு கோல் பின்தங்கியிருந்தவர்களுக்குக் கிடைத்த கோல் அது.

"கோல் இல்லை" என்று கையசைத்தாள்.

நடந்தது இதுதான். எதிரணியான உதயத்துக்குக் கோல் கிக். கோல்கீப்பர் பக்கத்தில் நின்ற யோகராஜுக்கு மெல்லத் தட்டிவிட்டான். யோகராஜ் பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே பந்தைத் தொட்டான். பாக்ஸுக்கு வெளியே காத்திருந்த பிரவீன்குமார் பாய்ந்து வந்து பறித்து வலைக்குள் அடித்தான். அன்றைய விதிப்படி, பந்து பாக்ஸைத் தாண்டினால்தான் ஆட்டம் தொடங்கும். அதுவரை எதிரணி வெளியேதான் நிற்க வேண்டும். தாண்டுவதற்குள் யார் தொட்டாலும் மறுபடி அடிக்க வேண்டும்.

நீலக்கொடியின் ஆட்கள் எல்லைக் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். கோல் கொடுக்கச் சொல்லி இந்தியில் கத்தினார்கள்.

"கோல் தோ மேடம்! கோல் தோ!"

கச்சால் தீவில் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரப்பர் தோட்டத்து மேட்டிலிருந்து அவள் கேட்ட கடலின் இரைச்சலும் இப்படித்தான் இருந்தது.

லைன்ஸ்மேன் பக்தவத்சலம் ஓடி வந்தார். கொடியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். "கோல்னு குடுத்துடும்மா. நாம வீடு போய்ச் சேரணும்."

"பந்து தாண்டலையே சார்."

"தாண்டல. யாரு இல்லேன்னாங்க?"

ஒருவன் அவள் கையிலிருந்த மஞ்சள் அட்டையைப் பிடுங்கிக் கிழித்தான். சுதா கூட்டத்துக்கு நடுவில் பிரவீன்குமாரைத் தேடினாள். "நீ சொல்லு தம்பி. தாண்டுச்சா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

சுதா பந்தை எடுத்துக்கொண்டுபோய்க் கோல்கீப்பரிடம் கொடுத்தாள். "எல்லாரும் பாக்ஸுக்கு வெளியே!" என்றாள். போலீஸ்காரர் ஒருவர் லத்தியால் கூட்டத்தை விலக்கினார். மறுபடி அடித்த பந்து நடுமைதானத்தைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. நீலக்கொடி தோற்றது.

பக்தவத்சலம் முதலிலேயே கிளம்பிவிட்டார். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. வீட்டுக்குப் போகும் டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில் சுதா தனியாக நடந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பின்னால் ஸ்கூட்டர் சத்தம். வேகமாக நடந்தாள், அதுவும் விடவில்லை. பையைத் துழாவினாள். விசில்தான் அகப்பட்டது.

"அக்கா."

பிரவீன்குமார்.

"மேல வளைவுல எங்க ஆளுங்க நிக்கிறாங்க. கையில கல்லு. ஏறுங்க, கூட்டிட்டுப் போறேன்."

சுதா அவன் முகத்தையே பார்த்தாள். அங்கே கொண்டுபோய் ஒப்படைக்கத்தான் வந்திருக்கிறானோ? திரும்பினால் மைதானம். நின்றால் இருட்டிவிடும். ஏறினாள்.

வளைவில் ஐந்தாறு பேர். பிரவீன்குமாரைக் கண்டதும் ஒருவன் சிரித்தான். பின்னால் யார் என்று புரிந்ததும் சிரிப்பு போயிற்று. "அரே, உஸ்கோ உதார்!" அவளை இறக்கிவிடச் சொன்னான். பிரவீன்குமார் வேகத்தைக் கூட்டினான். முதல் கல் சாலையில் தெறித்தது. அடுத்தது அவன் தோளில் விழுந்தது. வண்டி தள்ளாடியது. சுதா கண்ணை மூடிக்கொண்டு அவன் சட்டையை இறுகப் பிடித்தாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் அவள் விரல்கள் பிரியவில்லை. அவன்தான் ஒவ்வொன்றாக விடுவித்தான். அவன் தோளில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

"உள்ள வா, மருந்து போடறேன்."

"வேணாங்கக்கா. கதவைத் தாழ் போட்டுக்குங்க."

போகும்போது அவன் வந்த வழியே போகவில்லை. கீழே காட்டுப் பக்கமாக இறங்கும் மண்பாதையில் விளக்கை அணைத்துவிட்டுப் போனான்.