உருவம் தெரிந்தால்

மியூசியத்தில் வேலை என்று மேனுஷா சொன்னால் எங்கட சனம் வாயைப் பிளக்கும். உள்ளதைச் சொன்னால், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் எதையும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பழைய கிரேக்கத்து அறை அவளுடையது. ஆஸ்பத்திரியால் வந்து மூன்று கிழமை. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இங்கே சாடிகளைப் பார்த்தாள். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. அழுகையாவது வந்து தொலைக்கக்கூடாதா? அதுவும் வரவில்லை.

நாலு மாதம். ஸ்கேனில் விரல்கள் தெரிந்தன. கரு கலைந்த நாளிலிருந்து கணவன் நிஷாந்தன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது அவனுடைய தாய், மாமி நகுலேஸ்வரிதான்.

"அதென்ன பிள்ளையே? வெறும் ரத்தக்கட்டி. அதுக்கெல்லாம் துடக்குக் கிடையாது. முழுகிட்டாய்தானே, வெள்ளிக்கிழமை முருகனுக்கு ஒரு அர்ச்சனை செய்வம்."

சாவு, பிள்ளைப்பேறு, மாதவிலக்கு என்றால் கோயில் வாசல் மிதிக்கக்கூடாத அந்தத் துடக்குத்தான். பாவம், மாமி ஆறுதலாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ரசத்தையும் ஊற்றினார். மேனுஷா தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை ஒரு விரிவுரையாளர் மாணவர்களோடு வந்தார். துணியால் சுற்றிய மண் குழந்தைப் பொம்மைகளுக்கு முன்னால் நின்று, அந்தக் காலத்துப் பெண்கள் பேறுகாலத்துக்காகத் தெய்வத்துக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்று விளக்கினார். பிறகு, ஓர் ஊரில் கல்லிலேயே சட்டம் வெட்டி வைத்திருந்தார்களாம். கரு கலைந்தால் உருவம் தெரிந்ததா என்று பார்ப்பார்கள். தெரியாவிட்டால் பிள்ளை பிறந்த வீட்டுத் தீட்டு. தெரிந்தால் சாவு விழுந்த வீட்டுத் தீட்டு.

"பாவம் அந்தப் பெண்கள், அதற்கும் ஒரு தண்டனையா!" என்றாள் ஒரு மாணவி.

தண்டனையா? மேனுஷாவுக்கு அப்படிப் படவில்லை. அடி பெண்ணே, அந்த ஊரில் அதைச் சாவு என்று எண்ணியிருக்கிறார்களே! அன்று மாலை ரயிலில் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலடியில் மழை தூறியது. கோயிலின் கீழ்த்தளத்தில் செருப்புகளைக் கழற்றினார்கள். மாமி அர்ச்சனைத் தட்டோடு முன்னால் ஏறினார், பின்னால் நிஷாந்தன். மேனுஷா ஒரு சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள்.

"மாமி, நான் வரேலாது. எனக்குத் துடக்கு."

"என்ன, அதுக்குள்ளை திரும்பவுமே?"

"அது இல்லை. செத்தவீட்டுத் துடக்கு."

"ஐயோ, ஆர் செத்தது?"

நிஷாந்தன் படியில் அப்படியே நின்றான். பிறகு இறங்கி வந்து, அவளுக்குப் பக்கத்தில் குந்தி, கழற்றிய சப்பாத்தைத் திரும்ப மாட்டத் தொடங்கினான். கயிறு அவன் கைக்கு அகப்படவில்லை.

"எனக்கும்தான் அம்மா," என்றான். "என்ரை பிள்ளையெல்லே."

மேனுஷாவின் வெறுங்காலில் தரையின் குளிர் சுரீரென்று ஏறியது.

செத்தவீட்டுத் துடக்கு என்றால் வீட்டில் உள்ள எல்லாருக்கும்தான். அது மாமிக்குத் தெரியாததா? மேலே பூசை மணி அடிக்கத் தொடங்கியது. தேங்காயும் வாழைப்பழமும் வைத்த தட்டோடு மாமி நடுப்படியில் நின்றார், ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நிஷாந்தன் குனிந்து, தாயின் செருப்பை எடுத்து, அவர் இறங்கினால் கால் நுழைக்கத் தோதாக, கடைசிப் படியின் கீழே திருப்பி வைத்தான்.